ஆபரேட்டர் பதில்கள்

(கிருஷ்ணகிரி பக்கம் டூரிங் டாக்கீஸிலும், அப்புறம் ஒரு தியேட்டரிலும் படம் ஓட்டிய பழைய ஆபரேட்டர் பதிலளிக்கிறார்)

கே: மகன் செல்போனில் 'கோல்ட்ஃபிங்கர்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படம் பார்த்தேன். வெடிகுண்டுக் கடிகாரம் 007-ல் நிற்கிறது. பாண்டோ, இன்னும் மூன்று டிக்தான் பாக்கி என்கிறார். ஏழு அல்லவா பாக்கி? – வாசகர், காவேரிப்பட்டணம்

ப: பிடித்துவிட்டீர்களே! 1964-ல் வந்த படம். முதலில் கடிகாரம் 3-ல் நிற்பதாகத்தான் இருந்தது. பிறகு அதைப் பாண்டின் ரகசிய எண்ணான 007 ஆக்கினார்கள். பாண்டாக நடித்த ஷான் கானரி பேசிய வசனம் மட்டும் பழைய கணக்கிலேயே தங்கிவிட்டது. நானாக இருந்தாலும் மாற்றியிருப்பேன். 3-க்கு யார் விசிலடிப்பார்கள்?

கே: அதே படத்தில் உடம்பெல்லாம் தங்க பெயிண்ட் பூசியதால் தோல் மூச்சு முட்டி ஒரு பெண் சாகிறாளே, நடக்குமா? – வாசகி, பாலக்கோடு

ப: நடக்காதும்மா. நாம் மூச்சு விடுவது மூக்கிலும் வாயிலும்தான். வெகுநேரம் பூசியிருந்தால் வியர்வை காயாமல் உடம்பு சூடேறும், அது வேறு தொல்லை. திருவிழாவில் வெள்ளிப் பெயிண்ட் பூசி காந்தி வேஷத்தில் நிற்பவரைப் பார்த்ததில்லையா? சாயங்காலம் அவரே டீக்கடைக்கு நடந்து வருவார்.

எனக்கு உறுத்துவது வேறு இடம். கடைசிச் சண்டையில் பாண்ட் ஒரு தங்கக்கட்டியை எடுத்து வில்லனின் அடியாள் மேல் வீசுவார். அது நெஞ்சில் பட்டு விழும், அவன் சிரிப்பான். சண்டை நடக்கும் ஃபோர்ட் நாக்ஸ், அமெரிக்க அரசின் தங்கக் கிடங்கு. அங்கே இருப்பது சுமார் 12.4 கிலோ கட்டி. நம் கணக்கில் 1,550 பவுனுக்கு மேல்! அதைத் தூக்கி எறிந்தால் எறிந்தவன் தோள்பட்டை கழன்றுவிடும். வாங்கியவனுக்கு விலா எலும்பு மிஞ்சாது.

கே: பெரிய டைரக்டர்கள்கூடவா கோட்டை விடுவார்கள்? – வாசகர், ஊத்தங்கரை

ப: ஹிட்ச்காக்கே விட்டிருக்கிறார். 1959-ல் வந்த 'நார்த் பை நார்த்வெஸ்ட்'. சாப்பாட்டுக் கூடத்தில் கதாநாயகி துப்பாக்கியை எடுத்து நாயகனைச் சுடப்போகிறாள். அவளை விடுங்கள், பின்னால் மேஜையில் இருக்கும் நீலச் சட்டைப் பையனைப் பாருங்கள். அவள் சுடுவதற்கு முன்பே இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொள்வான். ஒத்திகையில் எத்தனை தடவை டுமீல் கேட்டானோ, பாவம். முதல் தடவை பார்க்கும்போது நமக்குத் துப்பாக்கிதான் தெரியும். பையன் கண்ணில் பட இன்னொரு தடவையாவது பார்க்க வேண்டும்.

கே: பழைய துப்பறியும் படங்களில் நாயகன் கோட்டோடு கதவைத் திறப்பான், அடுத்த நொடி மாடியில் நிற்பான். எடிட்டர் தூங்கிவிட்டாரா? – வாசகர், தருமபுரி

ப: எடிட்டரைத் திட்டுமுன் என்னைத் திட்டுங்கள். சேலம் முதல் ஊர் ஊராக ஓடித் தேய்ந்துதான் படப்பெட்டி எங்களிடம் வரும். பிலிம் அறுந்தால் கிழிந்ததை வெட்டிவிட்டு, நுனியைச் சுரண்டி, பிலிம் சிமென்ட் தடவி ஒட்டுவோம். ஒரு நொடிக்கு ஒன்றரை அடி பிலிம் ஓடும். மூன்று அடி வெட்டினால் இரண்டு நொடி காலி. நாயகன் ஏறிய படிக்கட்டு என் கேபின் குப்பைக்கூடையில் கிடந்திருக்கும்.

அதைவிட மோசமும் செய்திருக்கிறேன். ஒரு செகண்ட் ஷோவில் தூக்கக் கலக்கத்தில் எட்டாம் ரீலுக்கு முன் ஒன்பதை மாட்டிவிட்டேன். மலையுச்சியிலிருந்து விழுந்து செத்த ஒற்றன், எட்டாவது ரீலில் ஹோட்டலில் உட்கார்ந்து காபி குடித்தான். கீழே ஒரே கூச்சல். முதலாளி படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. நான் புரொஜக்டர் விளக்கில் எரியும் கார்பன் குச்சியை மாற்றுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.