மல்லிகையும் பாலும்

அன்புள்ள அம்மா,

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து பதினெட்டு நாள் ஆகிறது. மனைவி உசிலம்பட்டியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். எனக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிப் போய் ஞாயிறு ராத்திரி திரும்பிவிடுவேன். பால் பத்தவில்லை என்று பவுடர் டப்பா வாங்கிவிட்டார்கள். தாய்ப்பாலின் நன்மைகள் பற்றி நிறைய வீடியோ அனுப்பினேன். அவள் அழுகிறாளே தவிரப் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறாள். போதாக்குறைக்கு, மல்லிகைப்பூ வைத்தால் பால் வற்றிவிடும் என்று மாமியார் அவளைப் பூவே வைக்க விடுவதில்லை. இந்த மூடநம்பிக்கை பற்றியும், தாய்ப்பாலால் தாய்க்கும் குழந்தைக்கும் கிடைக்கும் நன்மைகள் பற்றியும் விளக்கமாக எழுதினால் அவளுக்கு அனுப்பி வைப்பேன்.

க.

அன்புள்ள க.,

பேத்தி நன்றாக இருக்கட்டும். முதலில் அந்தப் பூவைப் பேசிவிடுவோம். கொஞ்ச நாளாகவே அது என் நினைவில் சுற்றிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது.

மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டீர்கள். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 1988இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள். பால் சுரப்பை நிறுத்த வேண்டியிருந்த தாய்மார்களில் சிலருக்குப் புரோமோகிரிப்டின் மாத்திரை கொடுத்தார்கள். சிலருக்கு மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டினார்கள். பாலை ஊறவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் அதிகம் குறைந்தது மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான். ஆனால் பால் கட்டுவதும் சுரப்பும் அடங்கியதில் பூவும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. அவர்கள் சோதித்தது மார்பில் கட்டிய பூவை, கொண்டையில் வைக்கிற ஒரு முழத்தை அல்ல என்பது சரிதான். இருந்தாலும் உங்கள் மாமியார் ஒன்றும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடவில்லை.

எனக்கு இது தெரிய வேலூர் வரை போக வேண்டியிருக்கவில்லை. நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் தாத்தாவுக்கு மல்லிகைத் தோட்டம் இருந்தது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது சித்தியின் தலைப்பிள்ளை ஒன்பதாம் நாள் இறந்துபோனது. பிள்ளை போனது பாலுக்குத் தெரியுமா? சித்திக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிட்டது. விடியற்காலையில் பறித்த மொட்டில் ஒரு கூடையை மார்க்கெட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்து, பாட்டி நெருக்கமாகத் தொடுத்து, சித்தியின் மார்பில் சுற்றித் துணியால் கட்டுவாள். மறுநாள் பழுப்பேறிய சரத்தை எடுத்துப்போய் வாய்க்காலில் விடுவது என் வேலை. பால் புளித்த வாடையும் பூ வாடையும் சேர்ந்து என் கையிலேயே நிற்கும்.

மூன்றாம் நாள் என்று நினைக்கிறேன். அடுத்த வீட்டுக் கைப்பிள்ளை வீறிட்டு அழுதது. சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அப்படியே பால் இறங்கி, பூ, துணி, பாய் எல்லாம் நனைந்துவிட்டது. பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு சரம் தொடுக்க உட்கார்ந்தாள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதில்தான் இருக்கிறது. பால் ஊறுவதற்குப் புரோலாக்டின் வேண்டும். ஊறிய பால் வெளியே இறங்க ஆக்ஸிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன் வேண்டும். இந்த இரண்டாவது, காதும் மனசும் உள்ள சாமான். பிள்ளையின் அழுகுரல் கேட்டால் போதும், யாருடைய பிள்ளையானாலும் சுரந்துவிடும். பயம், வலி, அவமானம், நாலு பேர் சுற்றி நின்று 'வருதா, வருதா' என்று பார்ப்பது, இதற்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். பதினெட்டு நாள் பச்சை உடம்புக்காரிக்கு ஓசூரிலிருந்து பாடம் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்களே, அது எந்தப் பக்கம் வேலை செய்யும் என்று நீங்களே யோசியுங்கள்.

நன்மைகள் என்று கேட்டீர்கள். சீம்பாலில் நோய் எதிர்ப்புப் புரதம் உண்டு. வயிற்றுப்போக்கு, நிமோனியா, காதுச் சீழ் குறையும். பிள்ளை குடிக்கக் குடிக்கத் தாயின் கர்ப்பப்பை சுருங்கும், உதிரப்போக்கு மட்டுப்படும். 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது. முதல் ஆறு மாதம் தண்ணீர்கூட வேண்டாம். போதுமா? இதில் பாதி பிரசவ வார்டுச் சுவரிலேயே இருக்கும். வலியோடு படுத்துக்கொண்டு அவள் படித்திருப்பாள். நீங்கள் திட்டுகிற அந்தப் பவுடர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், தாய்ப்பாலே சிறந்தது என்று அதிலும் போட்டிருக்கும். 1992ஆம் வருஷச் சட்டப்படி போட்டே ஆக வேண்டும். அவளுக்குத் தெரியாத எதையும் உங்கள் வீடியோ சொல்லியிருக்காது.

'பத்தவில்லை' என்ற சொல்லைத்தான் நான் விடப்போவதில்லை. யார் அளந்து பார்த்தார்கள்? பிள்ளை அழுகிறது என்பார்கள். பிள்ளை அழத்தான் செய்யும்; நனைந்தால், உஷ்ணத்தில், சும்மா தூக்கிக்கொள்ளச் சொல்லியும் அழும். பிழிந்து பார்த்தோம், கொஞ்சம்தான் வந்தது என்பார்கள். பிள்ளையின் வாய் இழுப்பதும் கை பிழிவதும் ஒன்றா? ஒரு நாளில் ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போகிறதா, பிறந்த எடையை இரண்டு வாரத்தில் திரும்பப் பிடித்துவிட்டதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் பத்துகிறது. அவ்வளவுதான்.

யாரும் அளக்காமலே பவுடரைக் கரைத்துக் கொடுத்தால் என்ன நடக்கிறது? பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிவிடும். மார்பு காலியாவதில்லை. காலியாகாத மார்பு, இவ்வளவு போதும் போலிருக்கிறது என்று அடுத்த நாள் குறைத்து ஊறும். அப்புறம் நிஜமாகவே பத்தாமல் போகும். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்பார்கள். புரோலாக்டின் ராத்திரியில்தான் கூடுதல். அம்மா தூங்கட்டும் என்று புட்டியைக் கொடுப்பதும் அந்த ராத்திரியில்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பாவம்.

எடை ஏறவில்லை என்றால் மட்டும் பேச்சு வேறு. குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சில தாய்மாருக்கு உண்மையிலேயே போதாது. அப்போது டப்பாவும் சாப்பாடுதான், அதில் குற்றம் சொல்ல ஒருத்தருக்கும் வாயில்லை. நானே மூன்று மாத லீவு முடிந்து பள்ளிக்கூடம் திரும்பியவள். பத்தாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது முந்தானை நனைந்து, டீச்சர்கள் பாத்ரூமில் போய்ப் பீச்சிக் கொட்டிவிட்டு வருவேன். ஐந்தாம் மாதம் என் மகனும் டப்பாவுக்குத்தான் போனான்.

லீவு கேட்டீர்களா? தனியார் கம்பெனியில் அப்பாவுக்கு லீவு தரச் சட்டம் கிடையாது, தெரியும். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று ஒரு வாரம் போய் இருங்கள். ராத்திரி பிள்ளையைத் தூக்கி அவள் கையில் கொடுங்கள், குடித்ததும் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விடவையுங்கள், துணி அலசுங்கள். பார்க்க வருகிறவர்களைத் திண்ணையோடு நிறுத்துங்கள். மாமியாரிடம் பூவைப் பற்றி வாதாட வேண்டாம். பூண்டுக் குழம்பு வைக்கத் தெரிந்தவர், அவர் தேவைப்படுவார். டப்பாவை வீராப்பாகத் தூக்கி எறியவும் வேண்டாம். எடை பார்த்து, டாக்டரைக் கேட்டுக்கொண்டு மெல்லக் குறைக்கலாம்.

இந்தப் பதிலை அவளுக்கு அனுப்பாதீர்கள். குழந்தையின் எடை எவ்வளவு என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.