டன்ஸ்டன்பரோ கோட்டைல வெறும் இடிஞ்ச சுவர்தான் இருக்கா, போய் பாக்கலாமா?

தாராளமா போங்க, ஆனா கதை தெரியாம போனா ரெண்டு உடைஞ்ச டவரும் புல்வெளியும்தான் தெரியும். இங்கிலாந்தோட வடகிழக்கு கடற்கரைல நார்தம்பர்லேண்ட்ல இருக்கு. கார் கோட்டை வரைக்கும் போகாது, க்ராஸ்டர் ஊர்ல நிறுத்திட்டு கடலோரமா கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் நடக்கணும், காத்து பிச்சுக்கும், ஜாக்கெட் இல்லாம போயிடாதீங்க.

1313ல கட்ட ஆரம்பிச்சது லங்காஸ்டர் பிரபு தாமஸ். ராஜா ரெண்டாம் எட்வர்டுக்கு பெரியப்பா சித்தப்பா மகன் முறை, ஆனா ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது, ராஜாவுக்கு ரொம்ப நெருக்கமா இருந்த கேவ்ஸ்டனை 1312ல கொன்னதுல இவருக்கும் பங்கு இருக்கு, அதனால ராஜா எப்ப வேணா பாய்வாருன்னு தெரிஞ்சுதான் இவ்ளோ ஒதுக்குப்புறமா ஒரு பாறை மேல போய் கட்டினார்னு தோணுது. பாதுகாப்புக்கு மட்டும்னா அவ்ளோ பிரம்மாண்டமான வாசல் எதுக்கு, என்னைக் கேட்டா பாதி பந்தா. கடைசில கோட்டை அவருக்கு உதவவே இல்ல, 1322ல பரோபிரிட்ஜ் சண்டைல மாட்டி, பான்டஃப்ராக்ட்ல தலையை வெட்டிட்டாங்க.

அப்புறம் 1380கள்ல, பின்னாடி லங்காஸ்டர் பிரபுவா இருந்த ஜான் ஆஃப் கான்ட் அந்த வாசல் வழியையே கல்லு வச்சு அடைச்சு குடியிருக்குற மாளிகையா மாத்திட்டு பக்கத்துல வேற வாசல் வச்சார். போனா அதை தேடிப் பாருங்க.

15ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்து அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்கள்ல கை மாறி கை மாறி முற்றுகைல சிக்குச்சு, அதுக்கப்புறம் கவனிக்க ஆளில்லாம 16ஆம் நூற்றாண்டுலயே பாழாயிடுச்சு, கல்லையும் பேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க.

திரும்பும்போது க்ராஸ்டர்ல புகை போட்ட ஹெர்ரிங் மீன், கிப்பர்னு சொல்வாங்க, விட்றாதீங்க.