ஸ்டாண்டுல சமத்து, ஏத்தத்துல சண்டித்தனம்: ஸ்டீல் ஹார்ட்டெயில் கேள்வி பதில்

வணக்கம்ங்க. கோத்தகிரி பக்கம் இருக்கேன். க்ரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) ஸ்டீல் ஹார்ட்டெயில் சைக்கிள் ஒன்ன, அதாவது முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்குற மலை சைக்கிள, 11 வருஷமா ஓட்டிட்டு இருக்கேன், அதுல ஃப்ரேம் மட்டும்தான் பழசு, மத்ததெல்லாம் ரெண்டு மூணு தடவ மாத்தியாச்சு. மேட்டுப்பாளையத்துல இருந்து எங்க ஊருக்கு ஏறணும்னா 1,400 மீட்டருக்கு மேல உயரம், அதனால செயின், கியர்ல என்னென்ன கோளாறு வருமோ எல்லாத்தையும் நடுரோட்டுல உக்காந்து பாத்திருக்கேன். கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

சேலத்துல இருந்து: அண்ணே, போன வாரம்தான் புது செயின் போட்டேன், 9 ஸ்பீடு (பின்னாடி 9 பல்சக்கரம்). ஏற்காடு ஏறும்போது டொக்கு டொக்குனு தாவுது. எல்லா கியர்லயும் இல்ல, நடுவுல ரெண்டுல மட்டும். கடைக்காரர் மூணு தடவ ட்யூன் பண்ணிட்டார், மாறவே இல்ல.

ட்யூன் பண்ணி இது போகாது தம்பி. ரெண்டே ரெண்டு கியர்ல மட்டும் தாவுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பதில் இருக்கு. அந்த ரெண்டும் நீங்க தினமும் ஊருக்குள்ள ஓட்டுற கியரா இருக்கும், ஏத்தத்துல பாதி தூரமும் அதுலயேதான் மிதிச்சிருப்பீங்க. செயின் இழுபடுதுன்னு சொல்றோம், ஆனா இரும்பு நீளுறதில்ல, ஒவ்வொரு பின்னும் அது சுத்துற இடமும் கொஞ்சம் கொஞ்சமா தேயுது, அதனால பின்னுக்கு பின் இருக்க வேண்டிய அரை இன்ச் இடைவெளி கூடிடுது. பழைய செயின் அப்படி நீண்டுக்கிட்டே போகும்போது கேசட் (பின் வீல்ல அடுக்கியிருக்குற பல்சக்கரங்க) பல்லும் அதுக்கு தகுந்த மாதிரி தேஞ்சு ரெண்டும் சிநேகிதம் ஆயிடும். இப்ப சரியா அரை இன்ச் இடைவெளியோட புது செயின் வந்து உக்காரும்போது எல்லா பல்லும் பாரத்த பங்கு போட்டுக்காது, ஒண்ணு ரெண்டு பல்லு மேலயே மொத்த பாரமும் விழும், அந்த பல்லும் ஏற்கனவே கொக்கி மாதிரி சாஞ்சிருக்கும், அழுத்தி மிதிச்ச உடனே செயின் அது மேல ஏறி குதிச்சிடும். வண்டிய தூக்கி ரிப்பேர் ஸ்டாண்டுல மாட்டி கையால சுத்துனா பாரமே இல்ல, அதனால ஒண்ணும் தெரியாது. கடைக்காரர் மூணு தடவ ட்யூன் பண்ணதுக்கு காரணமும் அதுதான், பாவம்.

எனக்கும் முத வருஷம் இதே கதை. புது செயின் போட்ட சந்தோஷத்துல எந்திரிச்சு மிதிச்சேன், முட்டி போய் ஹேண்டில்ல இடிச்சு ரெண்டு நாள் நொண்டினேன்.

இப்ப என்ன பண்ணலாம்னா, கேசட்ல அந்த ரெண்டு பல்சக்கரத்து பல்ல துணியால துடைச்சிட்டு, தேயாத பெரிய பல்சக்கரத்து பல்லோட ஒப்பிட்டு பாருங்க. ஒரு பக்கமா சாஞ்சிருந்தா கேசட் மாத்தணும், வேற வழி இல்ல. இனிமே ஒரு ஸ்கேல் வெச்சு மாசம் ஒரு தடவ செயின அளந்துக்கோங்க: ஒரு பின்னோட நடுவுல இருந்து 24 பின் தள்ளி இருக்குற பின்னோட நடு வரைக்கும் சரியா 12 இன்ச் இருக்கணும். 1/16 இன்ச் கூடிடுச்சுன்னா அரை சதவீதம் தேஞ்சாச்சுன்னு அர்த்தம், 11, 12 ஸ்பீடா இருந்தா அப்பவே மாத்திடணும். உங்க 9 ஸ்பீடு 0.75 சதவீதம் வரைக்கும் தாங்கும். 1/8 இன்ச் வரைக்கும் விட்டீங்கன்னா கேசட்டுக்கும் சேத்து காசு எடுத்து வைங்க.

நாமக்கல்ல இருந்து: ப்ரோ, கொல்லிமலை 70 பெண்டுலயும் ஒரே தொல்லை. எந்திரிச்சு மிதிச்சா கியர் தானா மாறுது. ஸ்டாண்டுல வெண்ணெய் மாதிரி ஏறி இறங்குது. ஸ்டீல் ஃப்ரேம் வளையுது, அதான் இப்படின்னு ஒருத்தர் சொல்றார், நெஜமா?

ஃப்ரேம் கொஞ்சம் வளையத்தாங்க செய்யும், ஸ்டீலோட சுகமே அதுதான், ஆனா கியர் மாறுற அளவுக்கு இல்ல. வண்டி எப்பவாவது வலது பக்கமா சாஞ்சுதா? பஸ் மேல ஏத்துனீங்களா? அப்ப முதல்ல டீரெய்லர் ஹேங்கர பாருங்க, அதாவது செயின ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்கு தள்ளுற டீரெய்லர ஃப்ரேமோட பிடிக்கிற துண்டு. பின்னாடி குத்த வெச்சு உக்காந்து ஒத்தக் கண்ண மூடிட்டு பாத்தா, டீரெய்லர்ல இருக்குற ரெண்டு குட்டி சக்கரமும் மேல இருக்குற பல்சக்கரமும் ஒரே கோட்டுல நிக்கணும். கீழ் சக்கரம் வீல் பக்கமா சாஞ்சிருந்தா ஹேங்கர் வளைஞ்சிருச்சு. வளைஞ்ச ஹேங்கர்ல கேபிள எவ்வளவு திருகுனாலும் மூணு கியர் சரியா வரும், அடுத்த மூணு கெடும்.

நிறைய ஸ்டீல் ஃப்ரேம்ல ஹேங்கர் தனியா கழட்டுற மாதிரி இருக்காது, ஃப்ரேமோடயே சேந்திருக்கும். ஐயோ போச்சேன்னு பயப்பட வேண்டாம். அலுமினிய ஹேங்கர் ரெண்டு தடவ நிமித்துனா முறிஞ்சிடும், ஸ்டீல் பொறுமையா வளைஞ்சு கொடுக்கும். கடையில அதுக்குன்னு அளவு பாக்குற கருவி இருக்கும். இல்லாத ஊர்ல நான் பண்றது இது: டீரெய்லர் மாட்டுற ஓட்டையோட மரை 10 மி.மீ, 1 மி.மீ பிட்ச். நல்ல ஹப்புல (வீலோட நடுக்குடம்) பின் ஆக்ஸிலும் பெரும்பாலும் அதே மரைதான். அதனால வேற ஒரு பின் வீல எடுத்து அந்த ஆக்ஸில ஹேங்கர்லயே முறுக்கி ஏத்திட்டா, ரெண்டு வீலும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். மேல, கீழ, முன்ன, பின்ன நாலு இடத்துலயும் ரெண்டு ரிம்முக்கு நடுவுல அளந்து பாருங்க, வித்தியாசம் 4 மி.மீக்குள்ள வர்ற வரைக்கும் அந்த வீலயே பிடிச்சு மெதுவா வளைக்கலாம். கையில முறுக்கும்போது மரை இறுகுனா வேற ஆக்ஸில் தேடுங்க, ஸ்பேனர் போட்டு ஏத்துனா ஹேங்கர் ஓட்டை போயிடும். வளைக்கும்போது சொந்த வீல் இறுக்கமா மாட்டியிருக்கணும், அத மறந்துடாதீங்க.

ஹேங்கர் நேரா இருந்தும் கியர் தாவுனா கேபிள் அவுட்டர் (கியர் கேபிளோட வெளி உறை) நுனிய பாருங்க, டீரெய்லருக்கு முன்னாடி வளையுற இடத்துல உள்ள இருக்குற கம்பி விரிஞ்சு வெளிய எட்டிப் பாக்கும். வீல பிடிக்கிற க்விக் ரிலீஸ் லீவரும் நல்லா இறுக்கியிருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க.

குன்னூர்ல இருந்து: அண்ணா, எனக்கு எந்த கியர் போட்டாலும் வழுக்குது. காலைல குளிர்ல ரொம்ப. பெடல் காத்துல மிதிச்ச மாதிரி கொஞ்சம் போயிட்டு அப்புறம் பிடிக்குது. செயின், கேசட் ரெண்டும் புதுசு. மூணு மாசம் முன்னாடி ஹப் சர்வீஸ் பண்ணேன்.

ஹப் சர்வீஸ்ல கெட்டி க்ரீஸ் அப்பிட்டாங்கம்மா. கேசட் உக்காருற ஃப்ரீஹப்புக்குள்ள ஸ்பிரிங் வெச்ச சின்ன சின்ன நாக்கு மாதிரி இருக்கும், பால்னு சொல்லுவாங்க, குடிக்கிற பால் இல்ல. அது டக்குனு வெளிய வந்து பல்லுல மாட்டுனாதான் உங்க மிதி வீலுக்கு போகும். குளிர்ல க்ரீஸ் இறுகி அந்த நாக்க மடக்கியே வெச்சிருக்கு. கழட்டி மண்ணெண்ணெயில கழுவி காய விட்டு, லேசான க்ரீஸோ கெட்டி ஆயிலோ கொஞ்சமா தடவி மாட்ட சொல்லுங்க. அதுவரைக்கும் எந்திரிச்சு மிதிக்க வேண்டாம், பல்லு பத்திரம், உங்க பல்ல சொல்றேன்.

பொள்ளாச்சில இருந்து: முன்னாடி 32 பல்லு, பின்னாடி கேசட் 11-42 பல்லு. பை கட்டிக்கிட்டு வால்பாறை 40 பெண்டு ஏறுனா முட்டி கழண்டுடுது. கேசட் மாத்தவா?

முன்னாடி மாத்துங்க, செலவு கம்மி. 29 இன்ச் வீல்ல 32க்கு 42 போட்டா ஒரு மிதிக்கு ஏறக்குறைய 1.74 மீட்டர் போகும். 28 போட்டா 1.52. கேக்க சின்னதா இருக்கும், பதினஞ்சாவது பெண்டுல தெரியும். ஆனா உங்க கிராங்க் (பெடல் மாட்டுற கை) 4 போல்ட்டு, அந்த போல்ட்டுங்க நிக்கிற வட்டம் 104 மி.மீன்னா 28 உக்காராது, 30தான் கடைசி. செயின்ரிங் (முன் பல்சக்கரம்) நேரடியா கிராங்க்ல மாட்டுற வகைன்னா 28 தாராளமா போகும். சின்னது போட்ட பிறகு செயின் தொங்குனா ஒரு ஜோடி லிங்க் எடுத்துடுங்க.

42க்கு பதிலா 51 போடணும்னு ஆசைப்பட்டா அது பெரிய கதை, டீரெய்லரும் மாறும், ஷிஃப்டரும் (ஹேண்டில்ல கியர் மாத்துற லீவர்) மாற வேண்டி வரலாம். பெண்டுல உள்பக்கம் ஒட்டி ஏறாதீங்க, அங்கதான் செங்குத்து. வண்டி வரலைன்னா வெளிப்பக்கமா வாங்க. கியர பெண்டுக்கு முன்னாடியே இறக்கிடுங்க, இறக்குற அந்த அரை சுத்துக்கு மட்டும் காலோட அழுத்தத்த விடணும். முக்கிக்கிட்டு மாத்துனா இன்னைக்கு இல்லைன்னாலும் நாளைக்கு செயின் அறுந்துடும்.

ஈரோட்ல இருந்து: 7 ஸ்பீடு ஃப்ரீவீல் (பல்சக்கரங்கள ஹப் மேல மரையில முறுக்கி ஏத்துற பழைய வகை) வண்டி, பின் வீல் ஆக்ஸில் வருஷத்துக்கு ரெண்டு தடவ வளையுது. என் எடை 92 கிலோ.

எடை மட்டும் காரணம் இல்லீங்க. ஃப்ரீவீல் ஹப்புல வலது பக்க பேரிங் ரொம்ப உள்ள தள்ளி இருக்கு, அதுக்கு வெளிய ஆக்ஸில் தாங்கலே இல்லாம நீட்டிக்கிட்டு நிக்குது. கேசட் ஹப் வீல் ஒண்ணு வாங்கிடுங்க, அதுல பேரிங் வெளி நுனிக்கு பக்கத்துலயே இருக்கும்.

ஊட்டில இருந்து: மழைல முன்னாடி சின்ன 22 பல்லு சக்கரத்துல செயின் ஒட்டிக்கிட்டு மேல ஏறி ஃப்ரேமோட சிக்கிக்குது. பெயின்ட் எல்லாம் போச்சு.

22 பல்லு தேஞ்சு கொக்கி ஆயிருக்கும், சேறும் சேந்தா செயின விடாது. அந்த சக்கரத்த மாத்துங்க, ஸ்டீல்ல கிடைச்சா ஸ்டீலே வாங்குங்க. செயின்ல மடங்காத லிங்க் இருக்கான்னும் பாருங்க, கையால பின்னாடி சுத்துனா அந்த இடத்துல துள்ளும். பெயின்ட் போன இடத்துல நெயில் பாலிஷாவது இன்னைக்கே அடிச்சிடுங்க, உங்க ஊரு மழைக்கு ஸ்டீல் ஒரு வாரம் பொறுக்காது.

மறுபடி சேலம்: அண்ணே, துடைச்சு பாத்தேன். நடுவுல ரெண்டும் சுறா பல்லு மாதிரி இருக்கு. பழைய செயின் இன்னும் டப்பாலதான் கிடக்கு, அதையே திரும்ப போட்டா தாவாதா?

தாவாது. கேசட் வாங்க காசு சேர்ற வரைக்கும் அதையே போட்டு ஓட்டுங்க, புதுச எண்ணெய் தடவி எடுத்து வைங்க.