பொலிஷ் வேறு, வக்ஸ் வேறு: கார் மினுக்கம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பா வாங்கிய ஜப்பான் வாகன்ஆர் ஒன்று வீட்டில் நிற்கிறது. கடும் நீலம். வெயிலில் பார்த்தால் பொனற் முழுக்கச் சிலந்திவலை மாதிரிக் கீறல். கழுவின பிறகும் கைவைத்தால் சொரசொரக்கிறது. சேர்விஸ் ஸ்ரேசனில் 'கட் அன்ட் பொலிஷ்' என்று கேட்கிற காசு எனக்குக் கட்டாது. நானே பழகிச் செய்யலாமா? என்ன என்ன வாங்க வேண்டும்?
- வாசகர், கோண்டாவில்

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் கடைக்குப் போக முதல் ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ளுங்கள். அது தெரியாததால்தான் பலர் தேவையில்லாத போத்தல்களை வாங்கி வருகிறார்கள்.

உங்கள் காரின் நீலத்துக்கு மேலே, கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஒரு பூச்சுப் படை இருக்கிறது. தடிப்பு பொதுவாக 40, 50 மைக்ரோன்தான், ஒரு தலைமயிரை விட மெல்லியது. நீங்கள் சொல்லும் சிலந்திவலைக் கீறல் அந்தப் படையில்தான் விழுந்திருக்கிறது. பொலிஷுக்குள் நுண்ணிய அரத்தூள் இருக்கும். அது கீறலைச் சுற்றியுள்ள மேற்பரப்பைத் தேய்த்து மட்டமாக்கும். அதாவது பொலிஷ் போடுகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் படை கொஞ்சம் குறைகிறது. வக்ஸ் எதையும் தேய்ப்பதில்லை. மேலே ஒரு உறை போட்டு வெயிலையும் உப்பையும் தூசியையும் தான் வாங்கிக்கொள்கிறது. ஆகவே வக்ஸை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடலாம். பொலிஷைக் கீறல் கண்ணை உறுத்தும்போது மட்டும், அதுவும் சில வருஷத்துக்கு ஒருமுறை போட்டால் போதும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். புதிய கார் விற்கிற விலையில், இருக்கிற காரையே இன்னும் பத்து வருஷம் ஓட்ட வேண்டிய வீடுகள்தான் இங்கே அதிகம். அந்தக் கண்ணாடிப் படை தேய்ந்து போனால் திரும்ப ஸ்பிறே பெயின்ற் அடிப்பதைத் தவிர வழியில்லை. மாதாமாதம் பொலிஷ் போடச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள்.

சரி, வாங்க வேண்டியவை. கார் ஷாம்பு ஒன்று, இரண்டு வாளி, மைக்ரோபைபர் துணி ஆறு, தேய்க்கும் பஞ்சு இரண்டு, கிளே எனப்படும் களிக்கட்டி ஒன்று, நுண்மையான பொலிஷ் சின்னப் போத்தல் ஒன்று, வக்ஸ் ஒரு தகரம். 200 கிராம் தகரம் வாங்கினால் சின்னக் காருக்குப் பத்துத் தடவைக்கு மேல் வரும். வாங்கும்போது பின்பக்க லேபலை வாசியுங்கள். 'கிளீனர் வக்ஸ்' என்று எழுதியிருந்தால் அதற்குள்ளும் அரத்தூள் இருக்கும். பெயரில் வக்ஸ் என்று இருந்தாலும் பாதி வேலை பொலிஷின் வேலைதான். 'ரபிங் கொம்பவுண்ட்' என்றால் அது கரடுமுரடானது. பழகுகிறவர் கையில் எடுக்கவே வேண்டாம். மெஷினும் இப்போது வேண்டாம். பிறகு ஒரு காலம் வாங்க ஆசைப்பட்டால் சுழன்றபடி ஆடவும் செய்கிற டுவல் அக்‌ஷன் வகையைப் பாருங்கள். ஒரே இடத்தில் நின்று சுழல்கிற மற்ற வகை, பழகாத கையில் கதவு விளிம்பின் பெயின்றைச் சில விநாடியில் எரித்துவிடும்.

கார்னோபா வக்ஸ் என்று தகரத்தில் போட்டிருப்பதைக் காண்பீர்கள். பிரேசிலின் வடகிழக்கில் வளர்கிற ஒரு பனையின் ஓலையில் இருந்து எடுக்கிற மெழுகு அது. வறண்ட நிலத்தில் ஓலை ஈரத்தை இழக்காமல் இருக்க அந்த மரம் தானே பூசிக்கொள்வது. நம்முடைய பனைக்கு அது ஒருவகையில் சொந்தம் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். மினுக்கத்துக்கு அதை அடிக்க வேறு இல்லை. ஆனால் நம் வெயிலில் ஒன்றிரண்டு மாதத்தில் போய்விடும். 'சீலன்ற்' என்று விற்கிற செயற்கை வகை அதைவிடக் கூடக்காலம் நிற்கும். கார் திறந்த முற்றத்தில் நிற்பதென்றால் சீலன்ற்றே வாங்குங்கள்.

இனிச் செய்முறை. விடிய அல்லது பின்னேரம், நிழலில், பொனற்றில் புறங்கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கிற நேரம் தொடங்குங்கள். நான் முதல்முதல் வக்ஸ் போட்டது சித்திரை மாதத்து மத்தியானம், வெட்டவெளியில். கூரையில் போட்டது சுண்ணாம்பு மாதிரி இறுகிவிட்டது. அதைத் துடைத்தெடுக்க இரண்டு நாள் பிடித்தது, துடைத்த துடையில் புதுக் கீறலும் விழுந்தது.

முதலில் வெறும் தண்ணீர் அடித்துத் தூசியைக் கழுவி விடுங்கள். வறண்ட தூசியோடு பழைய சாரத்தால் துடைக்கிற பழக்கம்தான் உங்கள் பொனற்றில் வலை பின்னியது. கோண்டாவில் செம்மண் தூசிக்குள் மணல் இருக்கிறது. துணிக்கு அடியில் அது அரத்தாள் மாதிரி வேலை செய்யும். ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புக்குள் தோய்க்க வேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள். சில்லுகளுக்கு வேறு துணி.

காய்ந்த பிறகு, கையில் ஒரு மெல்லிய ஷொப்பிங் பையைப் போட்டுக்கொண்டு பொனற்றைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் தெரியும். அதற்குத்தான் களிக்கட்டி. ஷாம்புத் தண்ணீரைத் தெளித்து, அழுத்தாமல், வழுக்க விட்டுத் தேயுங்கள். முதலில் கட்டி இழுத்துப் பிடிக்கும், கரகரவென்று சத்தம் வரும். ஐந்தாறு தடவை போய் வந்ததும் சத்தம் நின்று கண்ணாடியில் போவது போல் போகும். அந்த மாற்றம் கைக்குத் தெரிகிற நேரம், வேலை பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். கட்டி நிலத்தில் விழுந்தால் இரக்கப்படாமல் எறிந்துவிடுங்கள்.

பொலிஷ் போட முதல் கறுப்புப் பிளாஸ்ரிக், ரப்பர் ஓரங்களுக்கு மாஸ்கிங் ரேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைக் கறை பிடித்துப் பிறகு போகாது. நகத்தை வைத்தால் தடக்குகிற கீறலை விட்டுவிடுங்கள், அது பொலிஷுக்குப் போகாது. இரண்டடிக்கு இரண்டடி இடத்தில், ஒரு ரூபாய்க் குற்றியளவு பொலிஷை வைத்து, நேர்கோட்டில் போய் வாருங்கள். துடைத்துப் பாருங்கள். போதும் என்றால் அடுத்த இடம். விளிம்புகளில் பெயின்ற் மெல்லிசு, அங்கே கை மெதுவாகப் போகட்டும்.

கடைசியாக வக்ஸ். மெல்லிசாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். தடிப்பாகப் போட்டால் பாதுகாப்புக் கூடுவதில்லை, துடைக்கிற வேலைதான் கூடும். மங்கிப் புகை படர்ந்தது போல் வந்ததும் விரலால் ஒரு கோடு இழுங்கள். விரல் போன தடம் சுத்தமாக மினுங்கினால் துடைக்கலாம், பிசுபிசுத்தால் பொறுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரைக்கு இருநூறு யார் தள்ளி. வெள்ளைக் காரைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் வட்டம் வட்டமாகக் கறை நிற்கிறது. உப்பா இது?
- வாசகி, பருத்தித்துறை

பதில்: பெரும்பாலும் சுண்ணாம்பு. குடாநாட்டுக்கு அடியில் இருப்பதே சுண்ணக்கல். அதற்குள்ளால் ஊறி வருகிற தண்ணீர் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், காரிலும் அதே படிவுதான். கடற்கரைக் கிணறு என்றால் உப்பும் சேரும். புதுக் கறை என்றால் வினாகிரியும் தண்ணீரும் சமனாகக் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிஷம் வைத்து, துடைத்து, நன்றாகக் கழுவிவிடுங்கள். அதற்கும் போகாவிட்டால் படைக்குள் அரித்துவிட்டது, பொலிஷ்தான் போட வேண்டும். கழுவி முடிந்ததும் தண்ணீரைத் தானாகக் காய விடவே கூடாது. உடனே துடையுங்கள். மாரியில் பீலித் தண்ணீரைப் பிடித்துக் கடைசி அலசலுக்கு வைத்தால் கறையே வராது. உங்கள் பக்கம் வாடைக்காற்று நேரே கடலில் இருந்து உப்பைக் கொண்டு வரும். மாரிக்கு முதல் ஒரு வக்ஸ், மாரி கழிந்ததும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காரின் அடிப்பக்கத்தையும் மறக்காமல் நல்ல தண்ணீரால் அடிக்க வேண்டும், அங்கே வக்ஸ் காப்பாற்றாது.

கேள்வி: ஐந்து வருஷ உத்தரவாதம் என்று சொல்லிக் காருக்குச் செராமிக் பூச்சு (வக்ஸுக்குப் பதிலாக, இறுகிக் கூடக்காலம் நிற்கும் என்று விற்கிற திரவப் பூச்சு) பூசினார்கள். இரண்டரை மாதம்தான் ஆகிறது, தண்ணீர் முத்தாக நிற்பதில்லை. கேட்டால் 'நீங்கள் கழுவிய விதம் பிழை' என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகர், நல்லூர்

பதில்: முதலில் நல்ல ஷாம்பு போட்டு ஒருமுறை கழுவி, மேலே சொன்ன வினாகிரி முறையையும் செய்து பாருங்கள். சுண்ணாம்பு படிந்தால் நல்ல பூச்சிலும் முத்து நிற்காது. அப்படியும் இல்லையென்றால் கடைக்காரரிடம் வாய்ப்பேச்சை நிறுத்தி எழுத்தில் கொடுங்கள், படமும் எடுத்து வையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். உங்களுக்கு இரண்டு கிழமைதான் இருக்கிறது, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் வழி கேட்கலாம். பற்றுச்சீட்டை உடனே தேடி எடுங்கள்.

இனிப் பூசப் போகிறவர்களுக்கு: என்ன பூச்சு, எத்தனை படை, உத்தரவாதம் எதற்கு, எப்படிக் கழுவ வேண்டும், இவ்வளவையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். '9எச் கடினம்' என்று சொல்வது பென்சில் முனையால் கீறிப் பார்க்கிற அளவுகோல். கல் தெறித்தால் தாங்கும் என்று அதற்கு அர்த்தமில்லை.

கேள்வி: மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், பற்பசை?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: மண்ணெண்ணெய் தாரைக் கரைக்கும், கூடவே வக்ஸையும் கொண்டு போகும். தார்ப் புள்ளிக்கு மட்டும் ஒரு துளி, உடனே ஷாம்புக் கழுவல். தேங்காயெண்ணெய் ஒரு நாள் மினுங்கி அடுத்த நாள் வீதித் தூசியெல்லாம் பிடித்துவைக்கும். பற்பசை அரத்தூள்தான், எவ்வளவு கரடு என்று தெரியாமல் காரில் தேய்க்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, அப்பப்பாவின் ஒஸ்ரின் ஏ40 கொட்டிலுக்குள் நிற்கிறது. பழைய பெயின்ற், மங்கிவிட்டது. ஒரு மூலையில் பொலிஷ் போட்டுப் பார்த்தேன், துணி முழுக்கப் பச்சை. பயந்து நிறுத்திவிட்டேன்.
- வாசகர், மானிப்பாய்

பதில்: நிறுத்தியது நல்லது, ஆனால் பயப்பட ஒன்றுமில்லை தம்பி. அந்தக் காலத்துக் கார்களுக்குக் கண்ணாடிப் படை கிடையாது, நிறமே மேல் படை. அதனால் பச்சை துணிக்கு வரத்தான் செய்யும். மேலே வெயிலில் செத்த படைதான் வருகிறது, கீழே உயிருள்ள நிறம் இருக்கும். மிக நுண்மையான பொலிஷ் மட்டும் போடுங்கள், கையால் மட்டும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். மட்காட்டின் வளைவுகளிலும் கதவு விளிம்பிலும் அப்பப்பா எத்தனை வருஷம் கை வைத்துத் துடைத்திருப்பாரோ, அங்கே பெயின்ற் மெலிந்திருக்கும். பச்சைக்குள் இருந்து வேறு நிறம், அடிப்பூச்சு, ஒரு பொட்டாவது தெரியத் தொடங்கினால் அந்த இடத்தில் பொலிஷை விட்டு வக்ஸ் மட்டும் போடுங்கள்.