வாசகர் கேள்வி – பதில்: வெள்ளைக்குள் எத்தனை வெள்ளை?

வெள்ளை வாத்தையும் மடித்த வெண்பட்டு வேட்டியையும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தேன். இரண்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஒன்றாகிவிட்டன. கறுப்பு கலந்து நிழல் போட்டால் அழுக்காகத் தெரிகிறது. என்ன செய்ய?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பிரெஞ்சு ஓவியர் ழான்-பாப்தீஸ்த் ஊத்ரி (1686–1755) 1753இல் வரைந்த ‘வெள்ளை வாத்து’ படத்தைத் தேடிப் பாருங்கள். தொங்கும் வாத்து, துணி, மெழுகுவத்தி, அதைத் தாங்கும் வெள்ளித் தண்டு, கிண்ணத்தில் பாலேடு, ஒரு காகிதம், பின்னால் வெளிர் சுவர். எல்லாமே வெள்ளை, ஆனால் ஒன்றுகூட இன்னொன்றில் கரையவில்லை. எவ்வளவு அழகான பிடிவாதம்! வெள்ளிப் பாத்திரத்தின் நிறம் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் துணி, காகிதம், பீங்கான் வைத்து ஒப்பிடுங்கள் என்று 1749இல் பாரிஸ் ஓவியக் கழகத்தில் அவர் பேசினார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். வடக்கு ஜன்னல் ஓரம் வெண்பட்டு, பருத்தி வேட்டி, முட்டை, எவர்சில்வர் டம்ளர், வெள்ளைத்தாள் ஆகியவற்றை வையுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, எது அதிக வெளுப்பு, எது மங்கல் என்று வரிசைப்படுத்துங்கள். முட்டை சற்று மஞ்சளோடும், டம்ளர் நீலம் கலந்தும் தெரியும். அந்த வரிசைக்கு ஏற்ப ஐந்து குவியல் கலந்துகொண்ட பிறகே தூரிகையைத் தொடுங்கள்.

கறுப்பை ஒதுக்குங்கள். வெள்ளையில் அது விழுந்தால் குளிர்ந்த நீலச் சாம்பல்தான் வரும். அதுதான் உங்கள் அழுக்கு. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பலை, நெல்லிக்காய் அளவு வெள்ளைக்குக் கடுகளவாகச் சேர்த்துப் பாருங்கள். வாத்தின் வயிற்று நிழலில் வேட்டியின் வெளிச்சம் எதிரொளிக்கும். சரிகைக் கரை பக்கத்தில் இருந்தால் அங்கே பொன்னிறம் ஏறும். பட்டின் மடிப்பில் வெளிச்சம் கூர்மையாக முடியட்டும். இறகின் ஓரத்தை ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த தூரிகையால் இழையுங்கள். ட்யூபிலிருந்து வரும் தனி வெள்ளை, கடைசியில் மூன்று நான்கு புள்ளிகளுக்கு மட்டும். முதலிலேயே பூசிவிட்டால் அதற்கு மேல் வெளுக்க இடமே இருக்காது.

ஊத்ரி விலங்குகளை நேரில் பார்த்தாரா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பார்த்தார். பதினைந்தாம் லூயி மன்னரின் வேட்டை நாய்களை வரைந்தவர். இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன ‘கிளாரா’ என்ற காண்டாமிருகம் 1749இல் பாரிஸுக்கு வந்தபோது ஆளுயரத்தை மீறிய துணியில் அதன் முழு உருவ அளவிலேயே தீட்டினார். அந்த ஓவியம் ஜெர்மனியின் ஷ்வேரினில் இருக்கிறது.

மழைக்காலத்தில் வரைந்த படத்தை அலமாரியில் மூடிவைத்தேன். வெள்ளையெல்லாம் பழுத்துவிட்டது!
– வாசகர், ஏற்காடு

ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் சில வாரம் வையுங்கள், பெரும்பாலும் தெளியும். எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத்தான் இறுகும், குளிரில் அது மெதுவாகும். ஆகவே கீழ்ப்பூச்சில் எண்ணெயைக் குறையுங்கள். மேல்பூச்சு வெள்ளைக்குக் குசும்பா எண்ணெயில் அரைத்த வண்ணம் வாங்கலாம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ஒருபோதும் வேண்டாம். அவை சரியாகக் காயாது. ஏற்காட்டு ஈரச்சுவரில் படத்தை ஒட்டிச் சாய்க்காமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், பின்துணியில் பூஞ்சை பிடிக்காது.