முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் விவரம்: வாசகர் கேள்விகளுக்கு உணவியல் நிபுணர் பதில்

‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்ட கடலை எண்ணெய் லிட்டருக்கு 30 ரூபாய் கூடுதல். வாங்கலாமா? (வாசகி, திருச்சி)

வேண்டாம். கொலஸ்ட்ரால் பால், முட்டை, இறைச்சியில் இருப்பது. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் கடலை எண்ணெயில் அது கிடையாது. ஆனால் எந்த எண்ணெயிலும் ஒரு டீஸ்பூனுக்கு 45 கலோரி உண்டு. அளவைக் குறையுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்ற பிஸ்கட் எத்தனை சாப்பிடலாம்? படம் இணைத்துள்ளேன். (வாசகர், மதுரை)

நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களுமே முன்பக்கம்தான். அதை வைத்து நான் என்ன சொல்ல முடியும்? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பொருட்களின் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். அதிகம் உள்ளது முதலில் வரும். பெரும்பாலான பிஸ்கட்டில் முதல் பெயர் மைதா. மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி) இருந்தால் இன்னும் கவனம். அது சர்க்கரைக் கணக்கில் வராது, ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். நாலு பிஸ்கட்டில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து போய்விடும். காலையும் மாலையும் டீயோடு வேண்டாம். ஒரு கைப்பிடி சுண்டல் கொடுங்கள்.

‘மல்டிகிரெயின்’ பிரெட் நல்லதா? (வாசகி, கோவை)

முன்னால் பெரிதாகச் சொல்லும் தானியம் எத்தனை சதவீதம் என்று பின்னால் போட்டாக வேண்டும். ராகி 3 சதவீதம் என்றால் அது மைதா பிரெட்தான். ‘ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்’ என்றாலும் மைதாதான்.

ஆறு வயது மகன் பாலில் கலக்கும் பவுடர் இல்லாமல் பால் குடிப்பதில்லை. உயரம், ஞாபகசக்தி, எதிர்ப்பு சக்தி என்று டப்பாவில் போட்டிருக்கிறது. தொடரலாமா? (வாசகி, சேலம்)

மாதம் தவறாமல் வரும் கேள்வி. தாய்மார்களின் கவலையைக் காசாக்கும் வியாபாரம் இது, எனக்கு இதில் கோபம் உண்டு.

டப்பாவைத் திருப்புங்கள். அட்டவணையில் இரண்டு பத்திகள் இருக்கும்: பவுடர் மட்டும் என்றால் எவ்வளவு, 200 மில்லி பாலோடு என்றால் எவ்வளவு. பெருமையாகச் சொல்லும் எண்கள் பெரும்பாலும் இரண்டாவது பத்தியில் உள்ளவை. அதில் காட்டும் புரதத்தில் 6 கிராமுக்கு மேல் பாலில் இருந்து வருவது. பல பவுடர்களில் இரண்டு ஸ்பூன் தருவது ஒன்றரை, இரண்டு கிராம்தான். அதற்கு ஒரு முட்டை கொடுக்கலாமே.

சர்க்கரைக்கு வருவோம். பல பவுடர்களில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. 20 கிராம் போட்டால் 6, 7 கிராம். மேலே நீங்கள் ஒரு ஸ்பூன் சீனி போட்டால் 12. இரண்டு வேளை என்றால் 24. குழந்தைக்கு ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள்தான் இருக்க வேண்டும், சாக்லேட்டும் கேக்கும் சேர்த்து!

உயரம் பற்றிய வாசகத்தின் மேலே ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். கீழே பொடி எழுத்தில் ‘சமச்சீர் உணவோடு சேர்த்து’ என்று வரும். சமச்சீர் உணவு கிடைத்தால் பிள்ளை பவுடர் இல்லாமலே வளர்வான்.

2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இவற்றை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று ஆன்லைன் கடைகளிடம் சொன்னது. அப்படி ஒரு வகையே நம் உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை. ஆனாலும் மளிகைக் கடையில் இன்றும் அந்தப் பெயர்தான் புழங்குகிறது.

ஒரேயடியாக நிறுத்தினால் பையன் அடம்பிடிப்பான். வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்து, ஏலக்காயோ மஞ்சளோ போட்டுப் பழக்குங்கள்.

‘ட்ரான்ஸ் ஃபேட் இல்லை’ என்றால் சுத்தமாக இல்லையா? (வாசகர், வேலூர்)

இல்லை. ட்ரான்ஸ் ஃபேட் என்பது இதயத்துக்குக் கெடுதலான ஒரு வகைக் கொழுப்பு. 100 கிராமில் 0.2 கிராமுக்குக் கீழே இருந்தால் அப்படிப் போடலாம். உப்பையும் சாச்சுரேட்டட் ஃபேட்டையும் (நிறைவுற்ற கொழுப்பு) பார்த்தீர்களா? திருப்பிப் பாருங்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கடையில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்ட ஜூஸ் டப்பா கொடுத்தேன். சரியா? (வாசகி, நாகர்கோவில்)

தவறு. ஓ.ஆர்.எஸ். என்பது வயிற்றுப்போக்கில் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் உப்பு-குளுக்கோஸ் கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அந்த ஜூஸ்களில் பல மடங்கு சர்க்கரை, வயிற்றுப்போக்கு அதிகமாகும். 2025 அக்டோபரில் இத்தகைய ஜூஸ்களில் அந்தப் பெயரையே போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பவுடர் இலவசமாகக் கிடைக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் மொத்தத்தையும் கலக்குங்கள். பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.