‘டேட்டா எங்களிடம் இருக்கிறது’ என்று ஏஜென்ட் சொன்னால்…

கேள்வி: என் அண்ணன் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போகிறார். ஓர் ஏஜென்ட் வந்து, ‘தொகுதியில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, அண்ணன் குரலிலேயே பேசுகிற மாதிரி போன் போடலாம். டேட்டா எங்களிடம் இருக்கிறது, பர்மிஷனையும் நாங்களே பார்த்துக்கொள்வோம், பாதிப் பணம் இப்போதே கொடுங்கள்’ என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். போனில் ஓட்டுக் கேட்பது தப்பில்லை. 2004 மக்களவைத் தேர்தலிலேயே வாஜ்பாயின் பதிவு செய்த குரல் வீட்டு போன்களில் பேசியது. ஆனால் உங்கள் ஏஜென்ட் சொன்ன இரண்டு வார்த்தைகள் இடிக்கின்றன: டேட்டா, பர்மிஷன்.

முதலில் டேட்டா. தேர்தல் ஆணையம் வெளியிடும் வாக்காளர் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், அடையாள அட்டை எண் இருக்கும். போன் நம்பர் இருக்காது. அப்படியானால் பூத் வாரியாக நம்பரோடு இவர் கையில் இருக்கும் எக்செல் ஷீட் எங்கிருந்து வந்தது? அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். ‘அதெல்லாம் கம்பெனி ரகசியம்’ என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். யாரோ யாருக்கோ நம்பிக் கொடுத்த நம்பர்கள் அவை. நாளை புகார் வந்தால் ஏஜென்ட் போனை அணைத்துவிடுவார், வேட்பாளர் பெயர்தான் நிற்கும்.

எந்த எண்ணிலிருந்து போன் போகும் என்றும் கேளுங்கள். சாதாரண 10 இலக்க மொபைல் எண்ணிலிருந்து என்றால் வேண்டவே வேண்டாம். விளம்பர அழைப்புகளுக்கு 140-இல் தொடங்கும் எண் வரிசை இருக்கிறது. முறைப்படி பதிவு பெறாமல் மொத்தமாக விளம்பர அழைப்பு போடுகிறவர்களின் இணைப்புகளைத் துண்டித்து, இரண்டு ஆண்டு வரை கறுப்புப் பட்டியலில் வைக்கச் சொல்லி 2024 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. பிரசாரத்தின் நடுவில் லைன் போனால் பணமும் போச்சு, நாளும் போச்சு.

அடுத்து பர்மிஷன். மொத்தமாக அனுப்பும் குரல் செய்திக்கு மாவட்ட அளவில் உள்ள ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவிடம் முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். எம்.சி.எம்.சி. என்று கேட்டால் கலெக்டர் அலுவலகத்தில் காட்டுவார்கள். வேட்பாளர் என்றால் குறைந்தது மூன்று நாளுக்கு முன் விண்ணப்பம், ஒலிப்பதிவின் இரண்டு பிரதி, அதில் பேசுவது வரிக்கு வரி எழுதிய சான்றொப்பமிட்ட தாள் எல்லாம் வேண்டும். உங்கள் அண்ணனே விண்ணப்பிக்கட்டும். ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்று ஏஜென்ட் சொல்வதை நம்பி, சான்று கைக்கு வராமலே போன் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த நடைமுறையைப் பற்றி எனக்குப் பொறுமை குறைந்துகொண்டே வருகிறது. 2004-இல் உச்ச நீதிமன்றம் டிவி விளம்பரத்துக்காகப் போட்ட உத்தரவின் மேல் எழுப்பிய ஏற்பாடு இது. 40,000 பேருக்கு 40,000 பெயர் சொல்லும் குரலுக்கும் அதே படிவத்தைத்தான் நீட்டுகிறார்கள். பெயர் வருகிற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டால் ஒவ்வொரு மேஜையிலும் ஒவ்வொரு பதில். நான் சொல்வது: தாளில் அந்த இடத்தில் ‘வாக்காளர் பெயர்’ என்று அடைப்புக்குறியில் எழுதுங்கள், நாலைந்து பெயரோடு மாதிரி ஒலிப்பதிவும் சேர்த்துக் கொடுங்கள், வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் பெறுங்கள்.

‘பேச்சு முழுக்க அண்ணன் பேசியது, பெயரை மட்டும்தான் மெஷின் போடுகிறது, அதனால் ஏஐ கணக்கில் வராது’ என்பார் ஏஜென்ட். வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் வாயிலிருந்து வராத பெயர் அண்ணன் குரலில் கேட்டால் அது செயற்கையாகச் செய்த குரல். இப்படிச் செய்த ஒலிக்கு, மொத்த நேரத்தில் முதல் 10 சதவீதத்தில் அதை அறிவிக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் தேர்தல் ஆணையம் சொல்லிவிட்டது. 30 விநாடிப் பேச்சென்றால் முதல் 3 விநாடி. ‘இது ஏஐ உருவாக்கிய குரல்’ என்று நிதானமாகச் சொல்ல அது போதும். ஆனால் 28 விநாடிக்கு எழுதிய பேச்சில் இதைச் சேர்த்தால் 31 ஆகும். கட்டணத்தை 30 விநாடிக்கு ஒரு பல்ஸ் (கட்டண அலகு) என்று கணக்கிட்டால் இரண்டு பல்ஸ் பில் வரும். பேச்சை 24 விநாடிக்குள் எழுதுங்கள். ‘எத்தனை கால் போனது’ என்ற கணக்கையும் ஏற்காதீர்கள். எத்தனை பேர் எடுத்தார்கள், எத்தனை விநாடி கேட்டார்கள் என்ற அறிக்கைக்குத்தான் பணம்.

பெயரிலும் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்தில் உள்ள பட்டியலை மெஷினிடம் கொடுத்தால் தமிழரசி ‘தமிஸரசி’ ஆகிவிடுவார். எழுபது வயது அம்மாவை ‘வணக்கம் முத்துலட்சுமி’ என்று மொட்டையாகக் கூப்பிட்டால் அந்த வீட்டு ஓட்டு அத்தோடு சரி. வயதையும் பாலினத்தையும் வைத்து அம்மா, ஐயா சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் நான் உட்கார்ந்திருந்தபோதே இப்படி ஒரு போன் வந்தது. கணவர் நம்பரை மனைவி வைத்திருந்தார். ஸ்பீக்கரில் கணவர் பெயரைச் சொல்லி ‘நலமா’ என்று கேட்டது குரல். அந்த அம்மா, ‘அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சுப்பா’ என்று மெஷினுக்குப் பதில் சொல்லிவிட்டு, அது பேசி முடிக்கும் வரை போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

பணம் தேர்தலுக்கென்று தொடங்கும் தனி வங்கிக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். ஒருவருக்கு ரொக்கமாக மொத்தமே 10,000 ரூபாய்தான் தரலாம். ‘மனு தாக்கலுக்கு முன்பே கொடுத்துவிட்டால் கணக்கில் வராது’ என்பது பொய். மனுவுக்குப் பிறகு போன் போனால் அந்தச் செலவும் வேட்பாளருக்கான 40 லட்ச ரூபாய் செலவு வரம்புக்குள் வரும். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் ஒரு கால்கூடப் போகக் கூடாது. இதை ஒப்பந்தத்தில் தேதி, மணியோடு எழுதி வாங்குங்கள்.

சான்று தேவைப்படாத வழி ஒன்று உண்டு. உங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் தங்கள் சொந்த போனில், தெரிந்தவர்களிடம், தங்கள் வாயால் பேசினால் அது மொத்தக் குரல் செய்தி ஆகாது. பேசுவது மனிதராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதே பிள்ளை அண்ணனின் பதிவை ஓடவிட்டால் விலக்கு போய்விடும். ஆப் வைத்து நூறு பேருக்கு ஒரே நேரத்தில் போட்டாலும் போய்விடும். பிள்ளைகளுக்குச் சம்பளமோ சாப்பாடோ ரீசார்ஜோ கொடுத்தால் அது தேர்தல் செலவு. பேசுவதற்குச் சான்று தேவையில்லை என்பதும் செலவுக் கணக்கில் எழுத வேண்டும் என்பதும் வேறு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த 48 மணி நேரம் இவர்களும் ஓய்வெடுக்கட்டும்.

சுயேச்சைக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். அப்படியும் ஏஜென்ட்தான் வேண்டும் என்றால், சான்று கைக்கு வந்த பிறகு முதல் அழைப்பை உங்கள் அம்மாவின் போனுக்குப் போடச் சொல்லுங்கள். அவர் கேட்டுவிட்டுச் சரி என்றால் மீதியைப் பேசலாம்.